நாற்பத்தொன்பது நாள், பதினேழு மணி நேரம்

ஒரு பொருளை வாங்கினால் அதோடு வருகிற கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிறவர்கள் ஊருக்கு ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். நான் அந்த ரகம். மற்றவர்கள் படம் போட்ட முதல் தாளைப் பார்த்துவிட்டு, மிச்சத்தை மடித்து ஆடுகிற மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிடுவார்கள். கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், இந்தக் கருவிக்குள் யார் யார் எழுதிய கணினி நிரல்கள் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் இருக்கும். நான் முதலில் பார்ப்பதே அதைத்தான். தேர்வு முடிவு ஒட்டிய பலகையில் பெற்றவர்கள் பிள்ளையின் எண்ணைத் தேடுவார்களே, அப்படி.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். ஒரே இடத்தில் உட்கார என்னால் முடியாது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இந்தப் பத்தியை எழுதி முடிப்பதற்குள் இரண்டு முறை எழுந்து ஜன்னல் வரை போய்விட்டு வந்தேன். வாசலில் நிற்கும் காவலர், "உக்காந்து எழுதுங்க சார், உங்களப் பாத்தா எனக்குக் கண்ணு சுத்துது" என்கிறார். நல்ல மனிதர். என் மனைவியும் இதையேதான் சொல்வாள்.

நான் ஒரு பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மின்சாரத்தில் ஓடுகிற எதுவும் என் மேசைக்கு வரும். அதற்கு முன்னால் ஒரு காலத்தில் நிரல் எழுதினேன். பதினோரு வருடங்களுக்கு முன்பு, நான்கு மாதம் உட்கார்ந்து, சரி, நின்றும் நடந்தும், ஒரு சின்ன நிரலை எழுதி முடித்தேன். சின்னச் சின்னக் கருவிகளுக்குள் நேரத்தைக் கணக்கு வைப்பது அதன் வேலை. எப்போது விழிக்க வேண்டும், எப்போது சோதிக்க வேண்டும், எப்போது தூங்கலாம் என்று கருவிக்கு எடுத்துச் சொல்லும், அவ்வளவுதான். அதை இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்தேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், விற்கிற பொருளிலும் வைத்துக்கொள்ளலாம், என்னைக் கேட்க வேண்டியதில்லை.

நிபந்தனை இரண்டே இரண்டு. எழுதியவன் பெயரை எடுக்கக் கூடாது. நிரலை மாற்றி ஒரு கருவிக்குள் வைத்து விற்றால், கருவியை வாங்கியவர் கேட்கும்போது மாற்றிய நிரலை அப்படியே கொடுக்க வேண்டும். திறந்த மூல உரிமம் என்பார்கள். பெரிய பெரிய நிறுவனங்களெல்லாம் இதற்குக் கட்டுப்பட்டவை. இதில் பேராசை எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

எனக்கு ஒரே ஒரு அக்கா. என்னை விட ஆறு வயது மூத்தவள். சின்ன வயதில் ரேடியோ, கடிகாரம் எல்லாவற்றையும் நான் பிரித்துப் போடுவதால் எனக்கு 'நோண்டி' என்று பெயர் வைத்தவள் அவள்தான். மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு காய்ச்சலில் அவளுக்கு வாசனை தெரியாமல் போய்விட்டது. காய்ச்சல் போன பிறகும் மூக்கு திரும்பவில்லை. சோப்பும் ஒன்றுதான், சாக்கடையும் ஒன்றுதான் என்று சிரிப்பாள். ஒருநாள் அடுப்பில் பாத்திரம் கருகி வீடு முழுக்கப் புகை, அவள் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான் பயந்துபோனேன். அதற்குப் பிறகுதான் அவள் சமையலறைக்கு ஒரு வாயுக் கசிவு அலாரம் வாங்கினேன். சுவரில் மாட்டுகிற வெள்ளைப் பெட்டி. நல்லபடியாக இருந்தால் பச்சை விளக்கு எரியும், காஸ் கசிந்தால் கத்தும். அவள் இழந்த மூக்குக்குப் பதிலாக அது இருக்கட்டும் என்று நினைத்தேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். வாங்கிக் கொடுத்தவனே நான்தான்.

மாட்டுவதற்கு முன்னால் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். நேரம் காக்கும் நிரல் என்று ஒரு வரி இருந்தது, பக்கத்தில் அந்த நிறுவனத்தின் பெயரே இருந்தது. கை சும்மா இருக்குமா? பெட்டியைக் கழற்றினேன். சில்லுக்குள் இருந்ததை உருவி, இயந்திர மொழியிலேயே வரிவரியாகப் படித்தேன். நடுவில் ஒரு எண் இருந்தது. நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க நான் வைத்த சோதனை எண், என் மகள் பிறந்த தேதி. மகள் பிறந்த தேதி பத்திரமாக இருந்தது. அப்பன் பெயரை மட்டும் சுரண்டி எடுத்திருந்தார்கள்.

அன்றைக்கு மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான், அதையும் எவனோ கூச்சமே இல்லாமல் தன் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறான். இருந்தாலும் சாயங்காலம் பெட்டியைக் கொண்டுபோய் அக்கா வீட்டில் மாட்டினேன். வேலை வேறு, கோபம் வேறு.

நிறுவனத்துக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதினேன். கருவியை வாங்கியவன் நான், நிரலை எழுதியவனும் நான், மாற்றிய நிரலைக் கொடுங்கள், பெயரைத் திரும்பப் போடுங்கள் என்று. கிணற்றில் போட்ட கல். இரண்டாவது கடிதத்துக்கு, தங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது, அதுவும் இயந்திரம் அனுப்பிய பதில். மூன்றாவதுக்கு, அலாரத்தைச் சுவரில் மாட்டுவது எப்படி என்ற படம் வந்தது.

இருப்புக் கொள்ளாமல் அவர்கள் என் நிரலில் என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று குடைந்து பார்க்க ஆரம்பித்தேன். அதில்தான் அந்தத் தவறு அகப்பட்டது. ஓடிய நேரத்தை எண்ணி வைக்க கருவியின் நினைவகத்தில் நான் இரண்டு அறைகள் ஒதுக்கியிருந்தேன். இடம் மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று அவர்கள் அதை ஒன்றாக்கியிருந்தார்கள். ஒரே அறை என்றால் அது நாற்பத்தொன்பது நாள், பதினேழு மணி நேரத்தில் நிரம்பிவிடும். நிரம்பியதும் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பும். அடுத்த சோதனைக்கான நேரம் இன்னும் வரவில்லை என்று கருவி காத்திருக்கும். அந்த நேரம் வரவே வராது. பச்சை விளக்கு தனி இணைப்பு, அது பாட்டுக்கு எரியும். அணைத்துவிட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும், மறுபடி நாற்பத்தொன்பது நாள்.

இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. இன்னொரு பெட்டி வாங்கி என் கடை மேசையில் ஐம்பது நாள் ஓடவிட்டேன். ஐம்பதாவது நாள் காஸ் நிரப்பிய லைட்டரைப் பற்ற வைக்காமல் அதன் முகத்துக்கு நேரே பிடித்தேன். செவிட்டுப் பிள்ளை மாதிரி பேசாமல் இருந்தது. அணைத்துப் போட்டுவிட்டுப் பிடித்தேன், கடையே அதிரும்படி கத்தியது.

அடிக்கடி மின்சாரம் போகிற வீடுகளில் ஆபத்து இல்லை, ஒவ்வொரு முறை போய் வரும்போதும் கருவி புதிதாகத் தொடங்கிவிடும். மின்சாரம் போனாலும் பேட்டரியில் ஓடுகிற வசதியான வீடுகளில்தான் வம்பு. என் அக்கா வீடு அப்படிப்பட்டது. அத்தான் எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்துக்கொள்கிறவர்.

ஏன் உடனே எல்லோரிடமும் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒரே நாளில், ஒரே வரியில், சத்தம் போடாமல் திருத்திவிட்டுப் போயிருப்பார்கள். என் பெயர் புதைந்த இடத்திலேயே கிடந்திருக்கும். அவர்கள் என்னைத் திரும்பிப் பார்க்க வைக்க என் கையில் இருந்த ஒரே பிடி அந்தத் தவறுதான். அதையும் இலவசமாகத் தூக்கிக் கொடுக்க நான் தயாராக இல்லை. நான்காவது கடிதத்தில் குறிப்பாகச் சொன்னேன், உங்கள் மாற்றத்தில் ஒரு கோளாறு இருக்கிறது, நிரலை வெளியிடுங்கள், எந்த வரி என்று காட்டுகிறேன் என்று. மிரட்டுகிறாயா என்று பதில் வந்தது.

என் கடைக்கு அந்தப் பெட்டியைக் கொண்டு வந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். நான்கையும் அணைத்துப் போட்டுக் கொடுத்தேன். இலவசமாகத்தான். எந்த நாள் கொடுத்தேன் என்று சுவர்க் காலண்டரில் குறித்துக்கொண்டேன். அதன் பிறகு அந்த வீடுகளின் நாட்கள் என் மண்டைக்குள் ஓட ஆரம்பித்தன. தையல்கார அம்மா வீட்டுக்கு இன்று இருபத்திரண்டு, வேன் டிரைவர் வீட்டுக்கு முப்பத்தைந்து. சாப்பிடும்போது கால் தானாக ஆடும். "ஏங்க, காலை ஆட்டாதீங்க, தட்டுல தண்ணி தளும்புது" என்பாள் மனைவி. தெருவில் நடக்கும்போது ஒவ்வொரு சமையலறை ஜன்னலாகப் பார்ப்பேன், உள்ளே பச்சைப் புள்ளி தெரிகிறதா என்று. ஒரு வீட்டில் என்னைத் திருடன் என்று நினைத்து நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

அக்கா வீட்டுக்கு நாற்பது நாளுக்கு ஒரு முறை போவேன். மிக்ஸியைப் பார்க்கிறேன், சுவிட்சைப் பார்க்கிறேன் என்று ஏதாவது ஒரு சாக்கு. ஸ்டூலைப் போட்டு ஏறி, பெட்டியை அணைத்து, பத்து வரை எண்ணி, போடுவேன். ஒன்றரை வருடம் இப்படிப் போனேன். ஒரு முறை கூடத் தவறவில்லை.

"நீ என்னைப் பாக்க வர்றியா, இந்தப் பொட்டியப் பாக்க வர்றியாடா நோண்டி?" என்று கேட்பாள்.

"ரெண்டையும்தான் அக்கா."

"பொட்டியத்தான் மொதல்ல பாக்குற."

அவளிடம் வாரம் ஒரு முறை நீயே அணைத்துப் போடு என்று சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் ஏன் என்று கேட்பாள். காரணத்தைச் சொன்னால் அத்தான் காதுக்குப் போகும். அத்தானுக்குப் புகார் எழுதுவது பொழுதுபோக்கு. தெரு விளக்கு, குப்பை வண்டி, பிஸ்கட் பாக்கெட்டில் பிஸ்கட் குறைந்தது, எல்லாவற்றுக்கும் எழுதுவார். மறுநாளே நிறுவனத்துக்கு எழுதிவிடுவார், அவர்களும் திருத்திவிடுவார்கள். என் ஒன்றரை வருடம் அம்போ என்று போய்விடும்.

ஐந்தாவது கடிதத்துக்குப் பிறகு ஒருநாள் காலை பதினோரு மணிக்கு அவர்களுடைய சட்டப் பிரிவிலிருந்து ஒரு பெண் போனில் பேசினார். இனிமையான குரல், பேச்சிலும் குறை சொல்ல முடியாது.

"உங்க லெட்டர் எல்லாம் படிச்சேன் சார். உங்க ஆதங்கம் புரியுது. ஆனா இதனால உங்களுக்கு என்ன பாதிப்பு? யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

"பேரை எடுத்துட்டீங்களே மேடம், அது பாதிப்பு இல்லையா?"

"அத நிரூபிச்சு ஜெயிக்க உங்களுக்குப் பத்து வருஷம் ஆகும் சார். அந்தக் கருவியால ஒரு ஆளுக்கு உடம்புக்கு ஏதாவது ஆச்சுன்னா எழுதுங்க. அது வேற ஃபைல். அத நாங்க ஒரு வாரத்துல பாப்போம். நிரலையும் வெளிய காட்டித்தான் ஆகணும்."

அவர் என்னை மட்டம் தட்டவில்லை. விதியைச் சொன்னார். வேற ஃபைல். போனை வைத்த பிறகு நான் கடைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். ஒரு வாடிக்கையாளர் இஸ்திரிப் பெட்டியுடன் வந்து, நான் நடப்பதைப் பார்த்துவிட்டு, பெட்டியோடு திரும்பிப் போய்விட்டார்.

நான் யோசித்த விதத்தை ஒளிக்காமல் எழுதுகிறேன். யாருக்காவது ஏதாவது ஆக வேண்டும். யாருக்கு? தையல்கார அம்மாவுக்கு ஆனால் அது பாவம், அவர் எனக்கு என்ன கெடுதல் செய்தார்? ஊரார் வீட்டுப் பிள்ளை குட்டிகள் மேல் நான் எப்படிக் கை வைக்க முடியும்? வேண்டியவர்கள் என்றால் அது வேறு. நம் வீட்டுக்குள் நடப்பதை நாமே தாங்கிக்கொள்ளலாம், வெளியாளுக்கு நஷ்டம் இல்லை. அதோடு அக்கா எனக்காக எதையும் செய்யக்கூடியவள். பள்ளிக்கூட நாளில் நான் உடைத்த ஜன்னலுக்குத் தான் உடைத்ததாகச் சொல்லி அடி வாங்கியவள். கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். கேட்பதற்குத்தான் சங்கடமாக இருந்தது.

உயிர் போகும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு மயக்கம், ஒரு நாள் ஆஸ்பத்திரி, ஒரு மருத்துவர் கையெழுத்து. அவ்வளவு போதும் அந்த ஃபைலுக்கு. ஜன்னல் உள்ள சமையலறைதானே.

நாற்பத்தோராவது நாள் அக்கா வீட்டுக்குப் போனேன். டீ போட்டுக் கொடுத்தாள். என் மகள் படிப்பைப் பற்றிக் கேட்டாள். தன் மூக்கைப் பற்றி ஒரு நல்ல செய்தி சொன்னாள், இரண்டு நாளைக்கு முன்னால் எலுமிச்சம்பழத்தை நறுக்கும்போது லேசாக வாசனை வந்த மாதிரி இருந்ததாம். பிரமையாகவும் இருக்கலாம் என்று அவளே சிரித்தாள். நான் கிளம்பும்போது அவளாகவே ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"என்னடா, பொட்டியப் பாக்கலையா?"

நான் அண்ணாந்து பார்த்தேன்.

"பச்சை எரியுதே அக்கா. நல்லாத்தான் இருக்கு."

"அப்ப இன்னைக்கு என்னையத்தான் பாக்க வந்திருக்க" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். தெருமுனை திரும்பும் வரை வாசலிலேயே நின்று கை ஆட்டினாள்.

ஐம்பதாவது நாள் பெட்டி செவிடானது. அதற்குப் பிறகு எனக்கு நிலை கொள்ளவில்லை. திருகாணித் தட்டை இரண்டு முறை கீழே கொட்டினேன். தினமும் காலையில் அக்காவுக்கு போன் போட்டேன். தலை வலிக்கிறதா, கிறுகிறுப்பு இருக்கிறதா என்று கேட்டேன். "என்னடா திடீர்னு டாக்டராயிட்டே? உனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு, போய் உடம்பைக் காட்டு" என்றாள். அவள் குரலைக் கேட்டதும் நிம்மதியாகவும் இருக்கும், ஏமாற்றமாகவும் இருக்கும். இரண்டும் உண்மை.

அறுபத்து மூன்றாவது நாள் காலை பத்தரை மணிக்கு நடந்ததை உங்கள் அறிக்கையே சொல்கிறது. அத்தான் வேலைக்குப் போயிருந்தார். அவர்கள் மகள் கல்லூரிக்குப் போயிருந்தாள். மழைச் சாரல் அடித்ததால் ஜன்னல் சாத்தியிருந்தது. அக்கா பின்பக்கம் துணி எடுத்துக்கொண்டு வந்து, டீ வைக்க அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறாள்.

நான் அழுதேன். அதை யாரும் சந்தேகப்பட வேண்டாம். மூன்று நாள் கடை திறக்கவில்லை. நான்காவது நாள் கடிதத்தை அனுப்பினேன்.

அந்தக் கடிதத்தைத்தான் என் கணினியில் எடுத்திருக்கிறீர்கள். நிரல் எழுதுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எதை எழுதினாலும், எந்த வரியை எப்போது மாற்றினோம், யார் மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று தேதியோடு பதிந்து வைப்போம். பழையது எதுவும் அழியாது. கடிதங்களைக் கூட நான் அப்படித்தான் எழுதுவேன். அதனால்தான் கடிதத்தின் முதல் வடிவம் ஐம்பத்திரண்டாவது நாளில் எழுதப்பட்டிருப்பதை நீங்கள் பார்க்க முடிந்தது. 'என் மூத்த சகோதரிக்கு ஏற்பட்ட மயக்கம்' என்று இருந்த இடம், பதினைந்து நாள் கழித்து 'மரணம்' என்று மாற்றப்பட்டிருக்கிறது. எதற்காக மாற்றினேன் என்ற இடத்தில் 'தகவல் திருத்தம்' என்று குறித்திருக்கிறேன். உங்கள் உதவி ஆய்வாளர் அதை வாசித்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அதில் பொய் எதுவும் இல்லையே. மறைக்க நினைக்கிறவன் இப்படிப் பதிந்து வைப்பானா?

அந்தச் சட்டப் பிரிவுப் பெண் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். ஆறே நாளில் நிறுவனம் நிரலை வெளியிட்டது. விற்ற பெட்டிகளை எல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள், பத்திரிகையில் வந்திருக்கிறது. பெட்டிகள் எத்தனை ஆயிரம் என்று நீங்களும் படித்திருப்பீர்கள். அத்தனை சமையலறைகளும் இன்று பத்திரமாக இருக்கின்றன என்றால் அது யாரால் என்று யாரும் கேட்பதில்லை. நிரலின் முதல் வரியில் என் பெயர் இருக்கிறது, வருடத்தோடு.

அதை அச்செடுத்துக்கொண்டு அத்தானிடம் போனேன். அவரும் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அவர் அதை வாங்கி முதல் வரியைப் படித்தார்.

"இந்தப் பொட்டி கேக்காதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?" என்றார்.

அவர் கேட்டதால் சொன்னேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை. அவர் எழுதுகிற புகார்களிலேயே மிகச் சின்னது இதுதான் என்று நினைக்கிறேன், இரண்டே வரி. அதன் பேரில்தான் என்னை அழைத்து வந்தீர்கள்.

நீங்கள் மூன்று முறை கேட்டு, நான் மூன்று முறையும் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. அடுப்புக்குப் போகிற ரப்பர் குழாய். அதையும் எழுதிவிடுகிறேன். அந்த நாற்பத்தோராவது நாள், டீ குடித்துக்கொண்டே சமையலறையில் நடந்தபோது பார்த்தேன். சிலிண்டர் பக்கம் குழாய் விறைத்துப்போய், இணைப்புக்குக் கீழே நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு இருந்தது. குனிந்து பார்த்தேன், லேசாக வாசனை கூட வந்தது. என் மூக்குக்கு ஒன்றும் குறை இல்லை. புதுக் குழாய் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும், மாட்டப் பத்து நிமிடம் போதும். ஆனால் நான் பார்ப்பது மின்சாரச் சாமான்கள் மட்டும்தான். அடுப்பு என் தொழில் இல்லை. நிமிர்ந்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

என் அக்காவை நான் கொன்றேன் என்று எழுத வேண்டும் என்றால் எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. அதே பத்தியில், பெயரை எடுத்தவர்கள் யார் என்பதையும் எழுதுங்கள். அவர்கள் ஒரு வரியை அழிக்காமல் விட்டிருந்தால் நான் நாற்பதாவது நாளே ஸ்டூலில் ஏறியிருப்பேன்.

எழுதியது பதினான்கு பக்கம் வந்திருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும் என் பெயரை முதலெழுத்தோடு முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது முதலெழுத்து விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பலர் அதைக் கவனிப்பதில்லை. முதல் பக்கத்தில் இறந்தவரின் பெயர் என்ற இடம் காலியாக இருப்பதாகக் காவலர் சொல்கிறார். அவசரத்தில் விட்டுப்போயிருக்கும். அதை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.